கேட்ட விலையும் விழுந்த விலையும்

டிராக்டர் படம் அச்சிட்ட பழைய ஐந்து ரூபாய் நோட்டோ, வைஷ்ணோ தேவியின் உருவம் பொறித்த நாணயமோ, 786 என்று எண் முடியும் ஏதேனும் ஒரு தாளோ வீட்டுப் பெட்டியில் கிடந்தால் போதும், அதன் சொந்தக்காரர் இலட்சாதிபதியாகிவிட்டார் என்று கூறும் செய்திகள் இன்று கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கெல்லாம் ஓயாமல் வந்த வண்ணம் இருக்கின்றன. அவற்றை நம்பி விற்க முனைந்தவர்களிடம் ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் காட்டி, தரகு என்றும் வரி என்றும் சொல்லி முன்பணம் பறிப்பவர்கள் பெருகிவிட்டபடியால், பழைய நோட்டுகளையும் நாணயங்களையும் வாங்கி விற்கும் வியாபாரத்தில் தனக்கு யாதொரு சம்பந்தமும் இல்லை என்றும், தன் பெயரால் கட்டணம் வசூலிக்க எவருக்கும் தான் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் அந்த வங்கியே 2021 ஆகஸ்டு மாதத்தில் பகிரங்கமாக அறிவிக்க நேர்ந்தது. மோசடி செய்கிறவர்களைப் போலீசார் கவனித்துக்கொள்வார்கள். ஆனால் மற்ற விஷயங்களில் காசுக்குக் காசு கணக்குப் பார்க்கும் மனிதர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறுவது எதனால் என்று யோசித்தால், பழம்பொருளின் விலை எப்படி உண்டாகிறது என்பதைப் பற்றி நம்மிடையே நிலவும் மயக்கமே அதற்கு மூலகாரணம் என்பது விளங்கும்.

இணையத்தில் ஒரு பழம்பொருளுக்கு மூன்று விலைகள் உண்டு. சொந்தக்காரர் தம் ஆசைக்கேற்ப எழுதி வைப்பது ஒரு விலை. ஏலம் முடிந்தபோது யாரோ ஒருவர் உண்மையாகக் கொடுக்க இசைந்தது இன்னொரு விலை. தரகு, அனுப்பும் செலவு, வரி எல்லாம் கழிந்து விற்றவர் கைக்கு வந்து சேர்ந்தது மூன்றாவது விலை. இவற்றுள் முதலாவதை எழுதுவதற்கு ஒரு செலவும் இல்லை. ஒரு ரூபாய் நாணயத்தின் படத்தைப் போட்டுப் பத்து இலட்சம் என்று எழுதுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அப்படி எழுதப்பட்டது ஆண்டுக்கணக்கில் விற்காமலே கிடந்தாலும், அதைக் கண்ட மற்றொருவர் தம்மிடமுள்ள அதே நாணயத்துக்குப் பன்னிரண்டு இலட்சம் எழுதுகிறார். இருவரையும் கண்ட மூன்றாமவர் அதையே செய்தியாக்கி ஊரெங்கும் பரப்புகிறார். உண்மையில் விலை என்று சொல்லத் தகுந்தது, ஏலம் விழுந்து, பணமும் பொருளும் கைமாறிய அந்த இரண்டாவது தொகை மட்டுமே.

அந்த இரண்டாவது விலையையும் நாம் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. 1995-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் தொடங்கி, பின்னர் ஈபே என்று பெயர் பெற்ற ஏலத்தளத்தில் முதன்முதலாக விற்பனையான பொருள், பழுதுபட்ட ஒரு லேசர் சுட்டுவிளக்கு. அது 14 டாலர் 83 செண்டுக்குப் போயிற்று. பழுதானது என்று தெரிந்துதான் வாங்குகிறீர்களா என்று ஒமிடியார் கேட்டதற்கு, பழுதான சுட்டுவிளக்குகளைச் சேகரிப்பதே தம் வழக்கம் என்று வாங்கியவர் பதில் அளித்ததாகச் சொல்வார்கள். உலகத்தில் எவருக்கும் வேண்டாத பொருளுக்கும் எங்கோ ஒருவர் காத்திருக்கக்கூடும் என்பதையும், அவரைக் கண்டுபிடித்துக் கொடுப்பதே இணைய ஏலத்தின் முதன்மையான சேவை என்பதையும் அந்தச் சிறு வியாபாரமே எடுத்துக்காட்டிவிட்டது.

ஆனால் ஒருவர் காத்திருந்தால் பொருள் விற்கும். விலை ஏறுவதற்கு இருவர் வேண்டும். இத்தகைய ஏலங்களில் கலந்துகொள்பவர், தாம் அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பார் என்பதை இயந்திரத்திடம் இரகசியமாகச் சொல்லி வைக்கிறார். இயந்திரமோ, அவருக்கு அடுத்தபடியாகக் கேட்டவரின் தொகைக்கு ஒரு படி மேலே மட்டும் சென்று பொருளை அவருக்கு முடித்துக் கொடுக்கிறது. வில்லியம் விக்ரே என்ற பொருளாதார அறிஞர் 1961-இல் எழுதிய கட்டுரையில் இந்த முறையின் தத்துவத்தை ஆராய்ந்தார். 1996-இல் நோபல் பரிசும் பெற்றார். எனினும் தபால்தலை வியாபாரிகள் கடிதம் மூலம் ஏலம் கேட்பவர்களுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதனைக் கையாண்டிருக்கின்றனர். இதிலிருந்து பெறப்படும் முடிவு விசித்திரமானது: வென்றவர் மனத்தில் இருந்த விலை நமக்குத் தெரிவதே இல்லை, தோற்றவர் எந்த இடத்தில் கையை மடக்கிக்கொண்டார் என்பதைத்தான் முடிந்த விலை நமக்கு அறிவிக்கிறது. ஆதலால், அதே போன்ற இரண்டாவது பொருள் அடுத்த மாதம் ஏலத்துக்கு வரும்போது, ஆசை நிறைவேறிய முதல் மனிதர் விலகி நிற்க, சென்ற முறை தோற்றவருக்கு எதிரே அவரினும் ஆர்வம் குறைந்த மூன்றாமவரே போட்டிக்கு நிற்பதால், விலை இறங்குவது சுபாவம். ஒருமுறை விழுந்த விலையைச் சாசுவதமான மதிப்பாக எண்ணித் தம் பொருளையும் அங்கே கொண்டுபோகிறவர் ஏமாற்றத்துடன் திரும்புவது இக்காரணத்தாலேயே.

உலகில் ஒன்றே ஒன்றாய் எஞ்சியுள்ள பொருளும் இந்த விதிக்கு விலக்கு அன்று. 1856-இல் அச்சான பிரிட்டிஷ் கயானாவின் ஒரு செண்டுத் தபால்தலை 2014-இல் நியூயார்க்கு ஏலத்தில் சுமார் 95 இலட்சம் டாலருக்குப் போயிற்று. ஏழு ஆண்டுகள் கழித்து, அதன் அபூர்வத்தன்மை அணுவளவும் குறையாதிருந்தும், சுமார் 83 இலட்சம் டாலருக்கே விற்றது. தபால்தலை மாறவில்லை, அன்றைக்குக் கேட்க வந்த மனிதர்கள் மாறியிருந்தார்கள்.

பழமைக்கும் விலைக்கும் நேரான தொடர்பு உண்டு என்பது மற்றொரு மயக்கம். நின்ற மனித உருவம் ஒரு பக்கமும், அமர்ந்த உருவமும் நாகரியில் இராஜராஜனின் பெயரும் மறுபக்கமும் கொண்ட செப்புக்காசு ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. எனினும் தமிழகத்திலும் ஈழத்திலும் அது ஏராளமாகக் கிடைத்திருப்பதால், ஓர் எளிய குடும்பத்தின் ஒருநாள் காய்கறிச் செலவுக்கே அதனை வாங்கிவிடலாம். விக்டோரியா மகாராணியின் உருவம் தாங்கி 1862 என்று ஆண்டு பொறித்த வெள்ளி ரூபாயைப் பெருநிதியாகப் போற்றிப் பூஜையறையில் வைத்திருப்போர் பலர். 1874 வரை அச்சிட்ட ரூபாய்களிலெல்லாம் அந்த ஓர் ஆண்டையே பொறித்துக் கோடிக்கணக்கில் வெளியிட்டபடியால், அதன் விலை பெரும்பாலும் அதிலுள்ள வெள்ளியின் விலையைச் சுற்றியே நிற்கிறது. 11.66 கிராம் எடையில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி என்ற கணக்கை அறிந்தவர், இலட்சக் கனவு காணவும் மாட்டார்; அடிமாட்டு விலைக்கு அதை விட்டுக்கொடுக்கவும் மாட்டார்.

கதை உள்ள நாணயத்துக்குக் கிராக்கி உண்டு என்பது மெய். 1911-இல் வெளியான ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ரூபாயில், அவர் அணிந்திருந்த ஆபரணத்தின் யானை பன்றியைப் போல் தோன்றியபடியால் ஆட்சேபம் கிளம்பி, அச்சிட்டவற்றுள் பெரும்பகுதி உருக்கப்பட்டு, மறு ஆண்டே உருவம் திருத்தப்பட்டது. அந்தக் கதையினால் அது 'பன்றி ரூபாய்' என்று பெயர் பெற்று, மற்ற ரூபாய்களைவிட அதிக விலைக்குப் போகிறது. ஆயினும் இலட்சக்கணக்கான நாணயங்கள் முன்னமே மக்கள் கைக்கு வந்துவிட்டதால், புழங்கித் தேய்ந்த ஒன்று அதிருஷ்டத்தைக் கொண்டுவந்துவிடாது. இதற்கு மாறாக, எவ்விதக் கதையும் இல்லாத, பார்வைக்குச் சாதாரணமான 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் உண்மையாகவே அரியது. அதன் அருமையை அறிந்த போலிக்காரர்கள் 1938 என்ற ஆண்டின் கடைசி எண்ணைச் செதுக்கி ஒன்பதாக்கி விற்பதும் உண்டு. ஆகவே அங்கே விலை போவது வெள்ளிக்கும் அன்று, ஆண்டுக்கும் அன்று, அசல்தான் என்று சொல்லக்கூடிய ஒருவரின் நாணயத்துக்கே.

பொருளின் நிலை என்பது இதனினும் முக்கியம். அமெரிக்காவில் 1949-இல் வில்லியம் ஷெல்டன் வகுத்த ஒன்று முதல் எழுபது வரையிலான அளவுகோலில், உச்சத்தை அடுத்து நிற்கும் இரு நாணயங்களுக்குள் ஓரிரு எண்கள் வேறுபட்டாலே விலை பன்மடங்கு மாறக்கூடும். நம் வீடுகளிலோ, விற்பதற்கு முன் நல்லெண்ணத்தோடு புளியைத் தேய்த்துச் சாம்பல் போட்டு விளக்கிப் பளபளப்பாக்கிவிடுகிறோம். பல தலைமுறைக் காலம் அந்த உலோகத்தின் மேல் படிந்த நிறமே சேகரிப்பவர் தேடும் சாட்சி என்பதை அறியாமல், ஐந்து நிமிஷ உழைப்பில் அதன் மதிப்பில் பெரும்பங்கை நாமே கழுவி ஊற்றிவிடுகிறோம்.

இணையம் வந்ததனால் பழம்பொருள்களின் விலை ஏறிவிட்டது என்பது பொதுவான நம்பிக்கை. என் அபிப்பிராயம் வேறு. ஒரு ஊரில் ஒன்றாய் இருந்தபடியால் அபூர்வம் என்று எண்ணப்பட்ட பொருள், இணையத்தில் தேடினால் ஆயிரம் ஊர்களில் ஒவ்வொன்றாய் இருப்பது பிரத்தியட்சமாகிவிடுகிறது. 1894-இல் பம்பாயில் நிறுவப்பட்ட ரவி வர்மா அச்சகம் வெளியிட்ட லட்சுமியும் சரஸ்வதியும் எத்தனையோ வீட்டுச் சுவர்களை அலங்கரித்தவர்கள். அந்த ஓவியர் தம் கையால் தீட்டிய தைலவண்ணச் சித்திரங்கள் கோடிகளில் விற்பதைப் பத்திரிகையில் படித்து, தாத்தா காலத்து அச்சுப்படத்துக்கும் அந்தப் பாக்கியம் கிட்டும் என்று எண்ணுபவர், அதே படம் பல இடங்களில் விற்பனைக்கு இருப்பதைக் கண்டு திகைக்கிறார். இடைத்தரமான பொருள்களின் விலையை இணையம் இறக்கியிருக்கிறது. மெய்யாகவே அரியவற்றின் விலையை, உலகெங்குமுள்ள தனவந்தர்களை ஒரே நேரத்தில் போட்டிக்கு நிறுத்தி, உயர்த்தியிருக்கிறது. பத்திரிகையில் வருவது பின்னது. நம் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் முன்னது.

உலகச் சந்தையின் விலை நமக்குப் பொருந்தாமல் போவதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த நாணயம், சிற்பம், ஓவியம் முதலியனவும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த குறிப்பிடத்தக்க சுவடிகளும் தொல்பொருள்கள். அவற்றைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. அவற்றில் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். நிலத்தில் புதைந்து கிடைப்பதைப் பற்றியோ 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டதாயின் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இலண்டனிலோ நியூயார்க்கிலோ விழுந்த விலையைக் கண்டு மயங்கி, கோயில் நிலத்தில் கிடைத்த ஒரு செம்பையும் தபாலில் அனுப்பிவிடலாம் என்று எண்ணுபவர், இலாபத்தை அன்று, வழக்கையே தேடிக்கொள்கிறார். இந்தத் தடைகளில் சில திருத்தப்பட வேண்டியவை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் திருட்டுச் சிலைகள் கடல் கடந்த சரித்திரத்தை நாம் அறிவோமாகையால், பூர்வோத்தரம் தெரியாத பொருளுக்கு விலை குறைவாக இருப்பது சமூகத்துக்கு நன்மையே.

இந்த மயக்கம் தீருவதற்கு மூன்று காரியங்கள் நடைபெற வேண்டும். ஏலம் நடத்துகிறவர்கள் முடிந்த விலைகளை, தேதியும் பொருளின் நிலையும் விளங்க, எவரும் இலவசமாகப் பார்க்கும்படி வைக்க வேண்டும். வாங்குபவரிடம் தனியாக வசூலிக்கும் கட்டணமும் அந்தத் தொகையில் அடங்கியதா என்பதையும் சொல்ல வேண்டும். இலண்டனின் இரு பெரிய ஏல நிறுவனங்கள் 1975-இல் பத்துச் சதவீதமாகத் தொடங்கிய அந்தக் கட்டணம் இன்று பல இடங்களில் இருபதையும் தாண்டிவிட்டபடியால், அறிவிக்கப்படும் விலைக்கும் விற்றவர் பெறும் பணத்துக்கும் இடையே உள்ள தூரம் சாமானியமன்று. அடுத்தபடியாக, 1851-இல் தோன்றி, நாணயச் சேகரிப்பில் புகழ்பெற்று விளங்கும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகமும், மாவட்டங்களில் உள்ள அரசு அருங்காட்சியகங்களும், மாதத்தில் ஒரு நாளேனும் பொதுமக்கள் கொண்டுவரும் காசுகளைப் பார்த்து, விலை சொல்லாவிட்டாலும், இது இன்னது, இன்ன காலத்தது, ஏராளமாய்க் கிடைப்பது அல்லது அரியது என்று சொல்லி அனுப்பலாம். அந்த ஒரு வாக்கியத்துக்குமுன் ஆயிரம் மோசடி விளம்பரங்கள் நிற்க மாட்டா.

மூன்றாவது காரியம் பத்திரிகைகளுடையது. ஒரு நாணயம் கோடிக்கு விற்றது என்று கொட்டை எழுத்தில் வெளியிடும்போது, அதே வகையில் சாதாரண நிலையில் உள்ள நாணயம் என்ன விலைக்குப் போகிறது என்பதையும் அடுத்த வரியிலேயே எழுதுவது செய்தியாளரின் தர்மம். முதல் வரி ஆசையை எழுப்புகிறது. இரண்டாவது வரிதான் செய்தி. அதை எழுதாமல் விடும் பத்திரிகை, பின்னர் ஏமாந்தவர்களின் கண்ணீரைப் படம்பிடித்து வெளியிடுவதனால் மட்டும் தன் கடமையைச் செய்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள இயலாது.