பழைய வண்டிக்கு எந்த எஞ்சின்? – நண்பர்களுக்கு ஒரு மறுப்பு

இலக்கியம் பேச வேண்டிய இடத்தில் எஞ்சினைப் பற்றி எழுதுகிறானே என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். எங்கள் வட்டத்தின் கூட்டங்களுக்கும் மலைப் பயணங்களுக்கும் பத்தாண்டுகளாக ஓடிய மெட்டடார் வேன், சென்ற தை மாதம் தாராபுரம் சாலையில் நின்றுபோயிற்று. இரண்டு பலகைக் கட்டில்கள், ஓர் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, அலமாரி நிறையப் புத்தகங்கள் என்று சிறு வீடாகவே இருந்த வண்டி, ஆர்.சி. புத்தகத்திலும் அந்த அமைப்போடுதான் பதிவாகியிருக்கிறது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், பிளாக்கிலேயே விரிசல் விழுந்திருப்பதைக் காட்டினார். ஒட்டுப்போட்டு ஓட்டும் கட்டம் கடந்துவிட்டது. வேறு எஞ்சின் தேவை. எந்த எஞ்சின் என்பதில்தான் நான் நண்பர்களோடு முரண்படுகிறேன்.

கடந்த கூட்டத்தில் பெரும்பான்மையோர், விபத்தில் நொறுங்கிய புதுக் கார் ஒன்றிலிருந்து காமன் ரெயில் டர்போ எஞ்சினை வாங்கி ஏற்றிவிடலாம் என்றனர். வேறு சிலர், பனியன் கம்பெனி ஒன்று கழித்துக்கட்டிய ஜெனரேட்டர் எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறது என்றனர். நான் சொன்னது மூன்றாவது வழி: வண்டி எந்த வகை எஞ்சினோடு வந்ததோ அதே வகையைத் தேடிப் பிடித்து, முழுக்கப் பிரித்துப் புதுப்பித்து ஏற்ற வேண்டும். 'பழமைவாதம்' என்ற ஒற்றைச் சொல்லில் அதைத் தள்ளிவிட்டார்கள். சொல்லால் தள்ளப்பட்டதைக் காரணங்களால் மீட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்த வண்டி எது என்று தெரிந்துகொள்வோம். பிற்காலத்தில் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறிய பஜாஜ் டெம்போ நிறுவனத்தின் படைப்பு மெட்டடார். அதன் பிந்தைய வண்டிகளில் அமர்ந்தது, மெர்சிடிஸ் பென்ஸின் உரிமம் பெற்றுச் செய்யப்பட்ட 2.4 லிட்டர் ஓஎம் 616 எஞ்சின். 1973-இல் வந்த மெர்சிடிஸ் 240டி காரை ஓட்டியதும் இதே இனம்தான். அங்கே அதன் ஆற்றல் வெறும் 65 குதிரைத்திறன். இன்றைய கண்ணுக்கு நகைப்புக்குரிய எண். ஆனால் ஓடத் தொடங்கிய பின் அதற்குக் கணினி வேண்டாம், சென்சார் வேண்டாம். பம்ப் டீசலை அழுத்தி அனுப்புகிறது, நாசில் பீய்ச்சுகிறது, அழுத்தத்தில் சூடேறிய காற்று அதைப் பற்ற வைக்கிறது. அவ்வளவுதான். இந்த இனத்து எஞ்சின் டெம்போ டிராவலரிலும் டிராக்ஸிலும் ஓடியதால் அதன் அகமும் புறமும் அறிந்த கைகள் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் இருக்கின்றன.

டர்போ எஞ்சின் கேட்போர் வண்டியின் அடியில் குனிந்து பார்க்கவில்லை. மெட்டடார் முன்சக்கரங்களால் இழுக்கப்படும் வண்டி. நம் ஜீப்புகளும் பெரும்பாலான வேன்களும் பின்சக்கரத்தால் உந்தப்படுபவை. அவற்றின் எஞ்சின் இதில் அப்படியே அமராது. கிளட்ச், கியர்பாக்ஸ், மவுண்ட்டிங், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக வெட்டி ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டோம் என்றே கொள்வோம். பழைய எஞ்சினைப்போல் இருமடங்குக்கும் மேலான முறுக்குவிசையை அந்த கியர்பாக்ஸும் அச்சுகளும் எத்தனை நாள் தாங்கும்? ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதற்கு விசை கூடியது சரி. இறங்கும்போது நிறுத்தப்போவது அதே பழைய பிரேக்குகள்தாமே?

எங்கள் மெக்கானிக் இதை ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "ஏனுங்க சார், இருபத்துநாலு கேஜ் மெஷின்ல இருபத்தெட்டு கேஜ் ஊசியப் போட்டா துணி ஓடுமுங்களா?" திருப்பூர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஜெனரேட்டர் கட்சியினரின் வாதம் இன்னும் பலவீனமானது. 2008-க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில் இந்த ஊரைத் தாங்கியவை ஜெனரேட்டர்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த எஞ்சின் கற்ற பாடம் ஒன்றே ஒன்று: நிமிடத்துக்கு 1500 சுற்று, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காக அதன் கவர்னர் அவ்வாறே பழக்கப்பட்டிருக்கிறது. சாலை கேட்பதோ நொடிக்கொரு வேகம். ஒரே சுருதியில் நிற்கும் தம்புராவைத் தூக்கி வந்து ராக ஆலாபனை செய் என்று கேட்பது போன்றது இது.

சட்டத்தையும் மறந்துவிட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் தந்த தீர்ப்பும் சொல்வது தெளிவு: ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள், தயாரித்தவர் வகுத்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. எஞ்சின் எண்ணும் அந்தப் புத்தகத்தில் இருப்பதால், அதே வகை எஞ்சினை ஏற்றுவதற்கும் முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுப் பதிய வேண்டும். 'யார் கேட்கப்போகிறார்கள்' என்றார் ஒரு நண்பர். விபத்து நடந்த மறுநாள் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். அந்த வண்டியில் மலையேறப் போகிறவர்களில் என் மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோருக்கு நான் என்ன பதில் சொல்வது?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. புது எஞ்சின் புகை குறைவாக விடும் என்கிறார்கள். டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்திவிட்டது. இதற்கு என் மறுமொழி: 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளின் தூய்மை எஞ்சினில் மட்டும் இல்லை, புகைக்குழாயில் உள்ள வடிகட்டியிலும் வினையூக்கியிலும், இவை அனைத்தையும் ஆளும் கணினியிலும் இருக்கிறது. எஞ்சினைப் பெயர்த்து நடும்போது முதலில் கைவிடப்படுபவை இவையே. கடைசியில் மிஞ்சுவது புது எஞ்சினின் விலையும் பழைய எஞ்சினின் புகையும்.

ஆகவே செய்யத்தக்கது இது. அதே இனத்து எஞ்சினை முறையான ரசீதோடும் உரிமைத் தாள்களோடும் வாங்குவோம். வாங்குமுன் குளிர்ந்த நிலையில் ஓட்டச் சொல்லி, ஆயில் மூடியைத் திறந்து புகை தள்ளுகிறதா என்று பார்ப்போம், கம்ப்ரஷனை அளப்போம். பிறகு சிலிண்டர், பிஸ்டன், ரிங், பேரிங், கிராங்க் அனைத்தையும் அளந்து தேய்ந்ததை மாற்றுவோம். பம்ப்பையும் நாசில்களையும் பம்ப் பட்டறையில் கொடுத்துச் சரிபார்ப்போம். கரும்புகையில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. ரேடியேட்டரையும் பிரேக்கையும் கூடவே புதுப்பிப்போம். அதன் பின்னும் புகைச் சோதனையில் தேறாவிட்டால் வண்டியை நிறுத்திவிடுவோம். கட்டில்களும் அலமாரியும் வாசகசாலையாக ஏதேனும் ஒரு மரத்தடியில் நிற்கட்டும்.

'ஒரு வண்டியின் புகையால் உலகம் அழிந்துவிடுமா' என்று மட்டும் இந்த ஊரில் யாரும் கேட்கக் கூடாது. என் ஒரு பட்டறையின் சாயநீரால் நொய்யல் கெட்டுவிடுமா என்று ஒவ்வொருவரும் கேட்ட ஊர் இது. 1992-இல் பாசனத்துக்கென்று திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அணை நீர் வேண்டாம் என்று உழவர்களே சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட பிறகே நமக்கு உறைத்தது. ஆற்றை இழந்து கற்ற பாடத்தை ஒரு வேனுக்காக மறக்க வேண்டுமா?

எஞ்சினைத் தேர்வது ஆற்றலைத் தேர்வது அன்று. வழியில் நின்றால் யார் கையை நம்பப் போகிறோம், யார் மூச்சில் புகையை விடப் போகிறோம் என்பதைத் தேர்வது. நண்பர்கள் அடுத்த கூட்டத்தில் மீண்டும் கை தூக்குமுன், ஒருமுறை பட்டறைக்கு வந்து அந்த விரிசலைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.