டாலர் ஏறினா உரமூட்டை ஏன் ஏறுது?



நம்மில் பலர் டாலர் நோட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் நாம் தோளில் தூக்கி வரும் உரமூட்டைக்கு விலை வைப்பது அந்த டாலர்தான்.

2010-ல் ஒரு மூட்டை டிஏபி 467 ரூபாய். 2012-ல் 1,200 ரூபாய். இடையில் என்ன நடந்தது? 2010 ஏப்ரலில் மத்திய அரசு, டிஏபி, பொட்டாஷ் மானியத்துக்கு ஒரு அளவைக் கட்டிவிட்டு, விலை வைக்கும் உரிமையைக் கம்பெனிகளிடம் கொடுத்தது. உலகச் சந்தையில் உர விலையும் ஏறியது. 2011 ஜூலையில் 45 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்த டாலர் 2012 ஜூனில் 57-ஐத் தொட்டது. மூன்றும் சேர்ந்து நம்ம தலையில் விழுந்தது.

"ரூபாய் சரிஞ்சா ஏற்றுமதி கூடும், விவசாயிக்கும் நல்ல விலை கிடைக்கும்" என்று சிலர் சொல்கிறார்கள். 1991-ல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோதும் இதே பேச்சுதான்.

இது அவ்வளவு சுலபமாக நடக்காது என்று ஆராய்ந்து காட்டியவர் மைசூரில் வளர்ந்த பொருளாதார அறிஞர் கீதா கோபிநாத். 2019 முதல் 2022 வரை ஐ.எம்.எஃப்.பின் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்தவர். ஐ.எம்.எஃப். நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அவர் சொன்ன கணக்கு நமக்கு வேண்டியது. இந்தியா இறக்குமதி செய்த சரக்கில் அமெரிக்காவிலிருந்து வந்தது நூற்றுக்கு ஐந்து பங்குதான். ஆனால் நூற்றுக்கு 86 பங்குக்கு டாலரில்தான் பில். கனடா பொட்டாஷுக்கும் டாலர், மலேசியா பாமாயிலுக்கும் டாலர்!

அவரும் இன்னும் ஐந்து பேரும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இதுதான்: ரூபாய் மாதிரி ஒரு பணம் சரிந்தால், வாங்கும் பொருள் உடனே விலை ஏறும். விற்கும் பொருளுக்கோ டாலர் விலை அப்படியே நிற்கும். விலை இறங்காதபோது வெளிநாட்டுக்காரன் எதுக்குக் கூடுதலாக வாங்குவான்? டாலரை மாற்றினால் வரும் கூடுதல் ரூபாய் முதலில் ஏற்றுமதியாளர் பெட்டிக்குத்தான் போகும். களத்துமேட்டுக்கு எப்போது வரும்?

சரி, பாமாயில் விலை ஏறினால் நம்ம கடலைக்கும் கொப்பரைக்கும் விலை வரணுமே? வர விட்டால்தானே! 2021 அக்டோபரில் கச்சா பாமாயிலுக்கு அடிப்படை இறக்குமதி வரியைப் பூஜ்யமாக்கினார்கள். 2024 செப்டம்பரில் 20 சதவீதம் போட்டார்கள். 2025 மே மாதக் கடைசியில் 10 ஆகக் குறைத்துவிட்டார்கள். உரம் வாங்கும்போது நமக்கு உலக விலை. கடலை விற்கும்போது மட்டும் அடக்கு விலை. இது என்ன நியாயம்?

ஏழை வீட்டுக்கு எண்ணெய் மலிவாகக் கிடைக்கட்டும். அந்தச் செலவை அரசு ஏற்கட்டும். நம்ம வயிற்றில் அடித்துக் கொடுக்க வேண்டாம். 2021 மே மாதம் டிஏபி மானியத்தை மூட்டைக்கு 500-லிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தினார்களே! மனம் இருந்தால் முடியும்.

ஆகவே நாம் கேட்பது:

1. டாலர் ஏறும்போதெல்லாம் உர மானியத்தையும் அதற்கேற்ப உயர்த்து!

2. கடலை, கொப்பரை வரத்துக் காலத்தில் பாமாயில் வரியைக் குறைக்காதே!

3. ரேஷனில் பாமாயிலுக்குப் பதிலாகக் கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் கொடு!

ஊர் ஊராகக் கூடிப் பேசுவோம். வட்டாட்சியர் அலுவலகம் முன் திரள்வோம். வாய் மூடிக் கிடந்தால் வயலும் மிஞ்சாது!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!