வேகத்தின் விலை

வெண்திரையில் பந்தயக் கார் பாய்ந்து வரும்போது நாம் இருக்கையின் நுனிக்கு வந்துவிடுகிறோம். அந்த வேக உணர்ச்சி பிறப்பது எங்கே? கமரா இருக்கும் இடத்திலேதான். தூரத்தை அண்மையாக்கும் வில்லை கொண்டு தொலைவில் நின்று படம்பிடித்தால், எதிரே வரும் கார் நின்ற இடத்திலேயே நிற்பது போலத் தோன்றும். காரின் மீதே, தரையை ஒட்டிக் கமராவைப் பொருத்தினாலோ, பாதையே நம்மை நோக்கிச் சீறி வரும்.

இதற்காகவே 1970ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெற்ற 24 மணி நேரப் பந்தயத்தில், கமராக்கள் பூட்டிய போர்ஷே 908 கார் ஒன்றைப் படக்குழுவினர் ஓடவிட்டனர். படச்சுருள் மாற்றுவதற்காக அது இடையிடையே நிற்க நேர்ந்தது. 1971இல் 'லெ மான்' திரைப்படம் வெளிவந்தது. ஆனால், அதன் படப்பிடிப்பில் காரோட்டிய ஆங்கிலேய வீரர் டேவிட் பைப்பர், விபத்தொன்றில் ஒரு காலின் கீழ்ப்பகுதியை இழந்தார்.

வானிலும் இத்துயரம் நிகழ்ந்ததுண்டு. விமான சாகசத்தில் புகழ்பெற்ற அமெரிக்கர் ஆர்ட் ஷோல், 'டொப் கன்' படத்துக்காகக் கமரா பூட்டிய விமானத்தைச் சுழலவிட்டபோது, 1985இல் பசிபிக் கடலில் வீழ்ந்து மாண்டார். உடலும் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை. அப்படம் அவர் நினைவுக்கு உரித்தாக்கப்பட்டது.

இன்று உள்ளங்கையில் அடங்கும் கமராக்களும் ட்ரோன்களும் வந்துவிட்டன. ஆயினும், சாகசக் காரையும் விமானத்தையும் செலுத்துபவன் மனிதனே. நம் கண்களுக்கு விருந்தளிக்க அவன் உயிரைப் பணயம் வைக்கிறான் என்பதைப் பார்த்து மகிழும் நம் பிள்ளைகள் மறவாதிருப்பார்களாக!