ஊசியின் எடை: முதல் ரெக்கோர்ட் பிளேயர் வாங்கப் போகிறவர்களுக்கு

இன்ஸ்டாகிராமில் இப்போது ஒரே படம்தான் ஓடுகிறது. இளநீல நிறத்தில் ஒரு சின்னச் சூட்கேஸ், மூடியைத் திறந்தால் ரெக்கோர்ட் பிளேயர், பக்கத்தில் ஒரு கோப்பை தேநீர், ஜன்னலில் மழை. கொழும்பில் எடுத்த படமா, யாழ்ப்பாணத்தில் எடுத்ததா, கற்பிட்டியில் எடுத்ததா என்று சொல்ல முடியாது. "நாங்களும் இசைத்தட்டு சேர்க்கத் தொடங்கப் போறம், இதை வாங்கலாமா?" என்று கேட்கும் நண்பர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். எங்கள் பதில் ஒரே சொல்தான்: வேண்டாம். ஏன் வேண்டாம், அப்படியென்றால் எதை வாங்குவது என்பதை இங்கே எழுதுகிறோம்.

இந்த விஷயத்தில் அறிவுரை சொல்ல இரண்டு கூட்டம் தயாராக இருக்கிறது. முதல் கூட்டம், "தொடக்கத்துக்கு மலிவானதை வாங்கு, ஆசை தீர்ந்தா விட்டுரலாம், தீராட்டி பிறகு நல்லதா பார்க்கலாம்" என்கிறது. இரண்டாவது கூட்டம், "லட்சக்கணக்கில் போடாமல் வருவதெல்லாம் சத்தமே இல்லை" என்கிறது. ஒன்று ஆசையைப் பற்றிப் பேசுகிறது, மற்றது அந்தஸ்தைப் பற்றிப் பேசுகிறது. அந்த மெஷினுக்குள் போகப்போகும் தட்டைப் பற்றி இரண்டு கூட்டமும் வாய் திறப்பதில்லை. எங்கள் சண்டை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

தட்டில் இருப்பது என்ன? ஒரு நீண்ட பள்ளம். அதன் சுவர்களின் நெளிவுதான் பாட்டு. ஊசி அந்த நெளிவைத் தொட்டுத் தடவிக்கொண்டு போகும்போதுதான் நமக்குச் சத்தம் கேட்கிறது. அதாவது இசைத்தட்டைக் கேட்பது என்பதே அதைக் கொஞ்சம் தேய்ப்பதுதான். எவ்வளவு தேய்கிறது என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: ஊசி எவ்வளவு எடையோடு அழுத்துகிறது, அதன் நுனி எந்த அளவு, அந்த நுனி தேய்ந்திருக்கிறதா இல்லையா.

எல்பி தட்டுக்கான சாதாரண ஊசியின் நுனி ஆரம் 0.018 மில்லிமீற்றர் அளவு. அவ்வளவு சின்ன நுனியில் ஒரு கிராம் கூடினாலும் அழுத்தம் எங்கேயோ போய்விடும். குதி உயர்ந்த செருப்போடு ஈர மணலில் நடந்து பாருங்கள், விளங்கும். நல்ல காந்தக் காட்ரிஜ்கள் பெரும்பாலும் ஒன்றரை முதல் மூன்றரை கிராமுக்குள் வேலை செய்கின்றன. மலிவான சூட்கேஸ் பிளேயர்களில் இருப்பது செராமிக் காட்ரிஜ். அது பெரும்பாலும் 5 கிராமுக்கு மேல் அழுத்துகிறது. கூடுதலா குறைவா என்று பார்த்துத் திருத்த அந்தக் கையில் ஒரு வழியும் கிடையாது. பல சூட்கேஸ்களில் ஊசி நுனியும் வைரம் இல்லை, செயற்கை நீலக்கல். வைர நுனி பல நூறு மணி நேரம் தாங்கும். நீலக்கல் அதில் ஒரு சிறு பங்கு நேரத்திலேயே தேய்ந்து கூராகிவிடும். அதன் பிறகு அது தட்டை வாசிக்காது, உழும்.

"அந்தக் காலத்தில எங்கட அப்பப்பா இதைவிடப் பாரமான ஊசியிலதானே போட்டார்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். அவர் போட்ட தட்டுகள் இன்று ஏன் பொரிகின்றன என்பதற்கும் அதுதான் ஒரு காரணம். ஒருமுறை போட்டவுடன் எந்த எல்பியும் செத்துவிடாது என்பதையும் ஒத்துக்கொள்கிறோம். ஆனால் அவருடைய தட்டு தேய்ந்தால் கடையில் இன்னொன்று இருந்தது. உங்கள் தட்டு தேய்ந்தால் எந்தக் கடைக்குப் போவீர்கள்?

புத்தளத்தில் இருந்து எழுதுவதால் இந்தக் கேள்வி எங்களுக்குக் கூடுதலாக உறைக்கிறது. சிலாபத்தில் இருந்து உடப்பு, முந்தல், புத்தளம் தாண்டிக் கற்பிட்டி வரைக்கும் இந்தக் கரையில் தமிழ் பேசுகிற இந்துக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்கர்கள் எல்லோரும் இருக்கிறோம். ஒரு வீட்டில் நாகூர் ஈ. எம். ஹனிபா, ஒரு வீட்டில் சீர்காழி, ஒரு வீட்டில் சிங்கள பைலா, ஒரு வீட்டில் சிலோன் மனோகரும் நித்தி கனகரத்தினமும். ஆனால் தட்டு வாங்கும் வசதி மிகச் சில வீடுகளுக்குத்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் சேர்த்து இலங்கை வானொலி தட்டைச் சுழற்றியது. 1949இல் 'ரேடியோ சிலோன்' என்ற பெயர் பெற்று, 1967இல் கூட்டுத்தாபனமான அந்த நிலையத்தின் தமிழ்ச் சேவையைக் கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் காத்திருந்து கேட்டார்கள். ஆகவே நம் ஊர்களில் வீட்டுத் தட்டு என்பது ஆரம்பத்திலேயே அரிதான பொருள்.

அந்த அரிதிலும் ஒரு பெரிய பங்கு இல்லாமல் போனது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். மொத்தத்தில் ஏறத்தாழ 75,000 பேர். அதில் பெரும்பகுதி வந்து சேர்ந்தது புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும்தான். நகையும் காசும் உறுதிப்பத்திரமும் கொண்டுவர விடாதபோது யார் இசைத்தட்டைச் சுமந்து வருவார்கள்? எங்களோடு படிக்கிற பலரின் குடும்பங்களில் பழைய போட்டோகூட இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் போரில் எரிந்த, இடிந்த, கைவிடப்பட்ட தமிழ் வீடுகளின் கதையும் வேறில்லை. இவ்வளவையும் தாண்டி ஒரு தட்டு உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால், அது அலங்காரச் சாமான் கிடையாது. அதைத் தேய்ந்த நீலக்கல்லின் கீழே வைக்க யாருக்கும் உரிமை இல்லை என்பதுதான் எங்கள் கட்சி.

"எல்லாம் யூடியூபில இருக்குத்தானே" என்று சொல்பவர்களுக்கு: எல்லாம் இல்லை. பெரிய படங்களின் பாட்டு இருக்கும். சின்ன அளவில் வெளியிட்ட தட்டு, தட்டின் இரண்டாம் பக்கம், உறையில் இருக்கும் வாத்தியக்காரரின் பெயர் எல்லாம் இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. புத்தகத்தைப் பத்துத் தரம் ஸ்கேன் செய்தாலும் எழுத்து அழியாது. தட்டு அப்படியில்லை. பிழையான ஊசியில் பதிவு செய்தால், பதிவும் கெடும், மூலமும் கெடும்.

சரி, அப்ப எதைத்தான் வாங்குறது?

முதலில் மெஷினை விடுங்கள், வீட்டில் உள்ள தட்டுகளை எண்ணுங்கள். 78ஆ, 45ஆ, 33ஆ என்று பிரியுங்கள். கனமாக, விழுந்தால் கண்ணாடி போல உடைகிற மாதிரி இருந்தால் பெரும்பாலும் அது 78, அரக்கில் செய்தது. எல்பி 1948இல் வந்துவிட்டது என்றாலும் இந்தியாவில் 78 தட்டுகள் 1960களிலும் வெளிவந்துகொண்டிருந்தன. அதனால் நம் வீட்டுப் பெட்டிகளில் அவை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 78இன் பள்ளம் எல்பியின் பள்ளத்தைப் போல மூன்று நான்கு மடங்கு அகலம். அதற்குத் தனி ஊசி வேண்டும். சூட்கேஸ் பெட்டியில் "மூன்று வேகம்" என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். வேகம் மூன்று, ஊசி ஒன்று! அந்த ஊசி 78இன் பள்ளத்தில் அடியில் கிடந்து குப்பையைத்தான் கிண்டும்.

இரண்டாவது, ஊசியைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். மாற்று ஊசி எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் எந்த மெஷினையும் வாங்காதீர்கள். முடிந்தால் கையின் எடையைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் இருக்கட்டும்.

மூன்றாவது, மின்சாரம். நமக்கு 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். ஜப்பானில் இருந்து வரும் பழைய சாமான்களில் நல்ல டர்ன்டேபிள்கள் சிக்கும், ஆனால் அங்கே 100 வோல்ற். ட்ரான்ஸ்ஃபோமர் போட்டால் வோல்ற் சரியாகும், ஹேர்ட்ஸ் சரியாகாது. 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த பழைய ஏசி மோட்டரை 50இல் ஓட்டினால் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் வரும். 33 சுற்றுக்குப் பதிலாக 28 சுற்றுக்கும் குறைவு. சீர்காழியின் குரல் கிணற்றுக்குள் இருந்து கேட்கும். ஜப்பானிலேயே கிழக்கில் 50, மேற்கில் 60 என்பதால் பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் காசைக் கொடுக்கக் கூடாது.

நான்காவது, மூடி. மே தொடங்கி செப்டெம்பர் தாண்டியும் கற்பிட்டியில் அடிக்கும் காற்றை நம்பித்தான் வெளிநாட்டவர்கள் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிறார்கள். அதே காற்று மணலையும் உப்பையும் வீட்டுக்குள் கொண்டுவருகிறது. பள்ளத்தில் மணல், மேலே ஊசி, நடுவில் பாட்டு என்றால் என்ன மிஞ்சும்? தூசி மூடி இல்லாத மெஷின் இந்தக் கரைக்கு ஆகாது. தட்டைத் துடைப்பதிலும் கவனம் வேண்டும். வினைல் தட்டுக்குப் பாவிக்கும் அல்கஹோல் கலந்த திரவம் 78இன் அரக்கைக் கரைத்துவிடும்.

உதாரணத்துக்குப் பெயர் சொல்கிறோம், விளம்பரம் இல்லை. ஓடியோ டெக்னிக்காவின் எல்பி60எக்ஸ் மாதிரி: ஊசி மாற்றலாம், 3 கிராமளவுதான் அழுத்தும், அம்ப்புக்கு முந்திய சிறு அம்ப் உள்ளேயே இருக்கிறது, அடாப்டரில் ஓடுவதால் ஹேர்ட்ஸ் பிரச்சினை இல்லை. ஆனால் 78 ஓடாது. அதே கம்பனியின் எல்பி120எக்ஸ் 78உம் ஓட்டும், எடையைத் திருத்தலாம், 78க்கான ஊசியை வாங்கி அதே காட்ரிஜில் மாட்டலாம், யூஎஸ்பியில் கணினிக்கும் பதிவு செய்யலாம். விலை முதலாவதைப் போல இரண்டு மடங்களவு.

விலை என்றவுடன் இரண்டாவது கூட்டம் சிரிக்கும். சிரிக்கட்டும். முதல் மாதிரியை 150 டொலர் என்று கணக்குக்கு வைப்போம். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் 45,000 ரூபா. அதற்கு மேலே கப்பல் செலவு, இறக்குமதி வரி, 2024 முதல் 18 வீதமாகிவிட்ட வற். மஹாபொலவில் மாதத்தை ஓட்டுகிற மாணவர்கள் தனியாக வாங்குகிற சாமான் இல்லை இது. சூட்கேஸ்காரர்கள் இந்த இடத்தில்தான் நம்மைப் பிடிக்கிறார்கள்: "உன் வசதிக்கு இதுதான்" என்று.

அந்தக் கணக்கையே நாங்கள் ஏற்கவில்லை. ஆளுக்கொரு பிளேயர் வேண்டும் என்று யார் சொன்னது? பத்துப் பேர் ஆளுக்கொரு மலிவு சூட்கேஸ் வாங்கினால் பத்து வீட்டில் பத்துப் பெட்டித் தட்டு தேயும். அந்தப் பத்துப் பேரின் காசில் நல்ல மெஷின் ஒன்று, ஊசி இரண்டு, ஊசி எடை பார்க்கும் சின்னத் தராசு ஒன்று வாங்கி, ஊர் வாசிகசாலையிலோ சனசமூக நிலையத்திலோ வைக்கலாம். மாதத்தில் ஒருநாள் அவரவர் வீட்டுத் தட்டைக் கொண்டுவாருங்கள். உடப்பில் இருந்து ஒருவர், கற்பிட்டியில் இருந்து ஒருவர், முகாமில் பிறந்து தட்டே காணாத ஒருவர் எல்லோரும் சேர்ந்து கேட்போம். ஒருதரம் சுத்தமாகத் துடைத்து, ஒருதரம் சரியான ஊசியில் ஓட்டி, அந்த ஒரு ஓட்டத்திலேயே பதிவும் எடுப்போம். உறையைப் படம் பிடிப்போம். பிறகு தட்டு நிமிர்ந்த வாக்கில் அலுமாரிக்குள் போகட்டும், பாட்டு எல்லோரின் போனுக்கும் போகட்டும். ஒரு காலத்தில் வானொலி நமக்குச் செய்த வேலை இதுதான்: ஒரு தட்டு, ஆயிரம் காது.

அமெரிக்காவில் 2020இல் இசைத்தட்டு வருமானம் சீடியைத் தாண்டியது, 1986க்குப் பிறகு முதல் தடவையாக. அங்கே புதிய தட்டு அடித்துப் புதிய ஆட்களுக்கு விற்கிறார்கள். தேய்ந்தால் இன்னொன்று அடிப்பார்கள். நம்முடைய தட்டுகளை மறுபடி அடிக்க யாரும் வரப்போவதில்லை. ஆகவே அந்தச் சந்தையின் "தொடக்கக்காரருக்கான" மெஷின் நமக்கான தொடக்கம் ஆகாது.

இந்த வார விடுமுறையில் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே, பெரியம்மா வீட்டுச் சாமான் அறையில் தேடிப் பாருங்கள். எத்தனை தட்டு, எந்த வேகம், உறையில் என்ன பெயர் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். தட்டை எதிலும் போட்டுப் பார்க்க வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். எழுதியதை எங்களுக்கு அனுப்புங்கள். எந்த மெஷின் வாங்குவது என்பதை அந்தக் கொப்பியைப் பார்த்துச் சேர்ந்து முடிவெடுப்போம்.