வீக் எண்ட் மட்டும்தானே குடிக்கிறோம்... இதயம் அந்தக் கணக்கை ஏற்குமா?

‘தினமும் குடிக்கிற ஆளா நான்? சனிக்கிழமை மட்டும் நாலு பெக். சராசரி பார்த்தா ஒரு நாளைக்கு அரை பெக்தான்!’ பலரும் சொல்லும் சமாதானம் இது. ஏழு நாள் பி.பி. மாத்திரையை ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையில் யாராவது விழுங்குவோமா? இதயத்துக்கு வாரச் சராசரி தெரியாது. ஒரே இரவில் எவ்வளவு உள்ளே போனது என்பதுதான் அதற்குக் கணக்கு.

60 மி.லி. விஸ்கியில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அமெரிக்க வரையறைப்படி, சுமார் 2 மணி நேரத்தில் ஆண்கள் 70 கிராம், பெண்கள் 56 கிராம் குடித்தாலே அது ‘பிஞ்ச்’ குடி. அதாவது ஆணுக்கு நாலாவது பெக்கிலும், பெண்ணுக்கு மூணாவது பெக்கிலும் எல்லை தாண்டியாச்சு.

தாண்டினால் என்ன ஆகும்? 2015-ல் ஜெர்மனியின் மியூனிக் நகர பீர் திருவிழாவுக்கு வந்த 3,000-க்கும் மேற்பட்டோருக்கு மருத்துவர்கள் அங்கேயே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். சராசரி வயது சுமார் 35தான். ஆனாலும் ஏறத்தாழ 30 சதவீதம் பேரின் இதயத்துடிப்பு இயல்பாக இல்லை. பெரும்பாலும் படபடவென வேகத் துடிப்பு. ரத்தத்தில் ஆல்கஹால் கூடக்கூட இந்தப் பாதிப்பும் கூடியது.

விடுமுறைக் குடிக்குப் பின் துடிப்பு தாறுமாறாகும் இந்தப் பிரச்சினைக்கு 1978-லேயே அமெரிக்க மருத்துவர்கள் ‘ஹாலிடே ஹார்ட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இதயத்தின் மேலறைகள் சரியாகச் சுருங்காமல் வெறுமனே துடிதுடித்தால், ரத்தம் அங்கே தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

‘சரக்கு ரத்தத்தை இளக்கும், ஹார்ட்டுக்கு நல்லது’ என்பது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்தானது. குடிக்கும்போது ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவது குறையலாம். போதை இறங்கும் நேரத்தில் அவை முன்பைவிட வேகமாக ஒட்டக்கூடும். உறைகட்டியைக் கரைக்கும் உடலின் இயற்கை வேலையும் அன்றிரவு மந்தமாகிறது. இளக்கம் இருந்த இடத்தில் இப்போது இறுக்கம்.

குடிக்காமல் இருப்பதே பாதுகாப்பு. குடிப்பவர்கள் வாரக் கணக்கை விட்டுவிட்டு, அன்றைய இரவின் கணக்கைப் பார்க்க வேண்டும். மறுநாள் படபடப்பு நிற்கவில்லையா, மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், வாய் கோணுதல் என்றால் ‘ஹேங்ஓவர்தான், தூங்கினா சரியாகிடும்’ என்று படுக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.