ஏரி தாங்கும் அளவே ஊர்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, திருவள்ளூர் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,098 பேர் வசித்தார்கள். ஆந்திர எல்லைக்கு அப்பால், அன்றைய சித்தூர் மாவட்டத்தில் 275 பேர்தான். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேரும்வரை, இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் திருத்தணியும் அந்தச் சித்தூரின் பகுதியாகவே இருந்தது. மழையும் வெயிலும் மாநில எல்லை பார்ப்பதில்லை. அப்படியிருக்க, ஏன் இந்த நான்கு மடங்கு வித்தியாசம்?

பாதி விடை நிலத்தில் இருக்கிறது. சித்தூர்ப் பக்கம் மலையும் காடும் அதிகம். பெய்த மழை சரிவில் இறங்கி ஓடிவிடும். கீழே சமவெளியில் அந்த நீரைத் தேக்க ஏரி வெட்டினார்கள். ஏரி நிறைந்தால் நெல், நெல் விளைந்தால் ஊர். நீர் இருக்கும் இடத்தில் மக்கள் சேர்வது எங்கும் உள்ளதுதான். எகிப்தில் பாலைவனம் வெறிச்சோடிக் கிடக்க, நைல் கரையில் ஏறக்குறைய மொத்த நாடும் நெருக்கியடித்து வாழ்கிறது. இலங்கையிலும் மழை மிகுந்த தென்மேற்கில்தான் மக்கள் அதிகம்.

மறுபாதி விடை சென்னை. அன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் நெரிசலில் பெரும்பங்கு அம்பத்தூர், ஆவடி போன்ற புறநகர்களுடையது. அங்கே மக்களைக் கூட்டியது தொழிற்சாலையும் ரயிலும், மழையல்ல. நிலம் தாங்குவதற்கு மேல் மக்கள் சேர்ந்தால் தண்ணீர் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். அதற்காகத்தான் 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம், 1983-இல் கிருஷ்ணா நீர் ஒப்பந்தம். அதுவும் போதாமல் 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

அந்த நெரிசல் இப்போது திருப்பதி நெடுஞ்சாலை வழியாகக் கனகம்மாசத்திரம் பக்கம் நகர்ந்து வருகிறது. நேற்றுவரை வேர்க்கடலை போட்ட கொல்லையில் இன்று வண்ணம் அடித்த மனைக்கற்கள். மனைக்குப் பாதை வேண்டுமென்று வரத்துக் கால்வாயில் ஒரு சிமெண்ட் குழாயைப் போட்டு மேலே மண்ணைக் கொட்டிவிடுகிறார்கள். இரண்டு மழையில் குழாய் அடைத்துக்கொள்ளும். அதன்பின் ஏரிக்கு வரவேண்டிய நீர் தெருவுக்கு வரும். மேல் ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால்தான் கீழ் ஏரிக்கு நீர். இடையில் ஒரு கால்வாய் அடைபட்டாலும் கீழே உள்ள ஊர்கள் காயும்.

கோடையில் தமிழ்நாட்டிலேயே வெயில் கடுமையாகக் கொளுத்தும் ஊர்களில் திருத்தணி ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்க்கும் மழையைப் பிடித்து வைக்காவிட்டால், பங்குனியில் ஆழ்துளைக் கிணறுதான் கதி. மீஞ்சூர் வட்டாரத்தில் அளவுமீறி உறிஞ்சியதால் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது கண்முன் இருக்கும் எச்சரிக்கை.

ஆட்கள் வரக்கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. வேலையும் வீடும் தேடி வருவது அவர்கள் உரிமை. வருகிறவர்களைத் தாங்கும்படி ஊரை வைத்திருப்பதுதான் நம் வேலை. அதில் எல்லாருக்கும் பங்கு உண்டு. மனை விற்பவர் கால்வாயின் அகலத்தைக் குறைக்கக் கூடாது. வாங்குபவர் பட்டாவோடு கிராம வரைபடத்தையும் பார்க்க வேண்டும். விவசாயி ஏரிப் புறம்போக்கில் வரப்பை நகர்த்தக் கூடாது. வருவாய்த் துறையும் நீர்வளத் துறையும் எல்லைக்கல் நடுவதைத் தள்ளிப்போடக் கூடாது. இங்கே வழியும் வெள்ளம் கொசஸ்தலை ஆற்றின் வழியாகப் பூண்டிக்குப் போய்ச் சென்னையின் குழாயைச் சேர்கிறது; ஆகவே இந்த ஏரிகளைக் காப்பதில் சென்னைவாசிக்கும் கடமை உண்டு.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று கிராம சபை கூடும். நம் ஊர் ஏரி எத்தனை ஏக்கர், அதன் வரத்துக் கால்வாய் எங்கே தொடங்குகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்ற மூன்று கேள்விகளை அங்கே எழுப்புங்கள். பதில் கிடைத்ததும் தீர்மானமாக எழுதச் சொல்லிக் கையெழுத்திடுங்கள்.