கற்பிக்கக் கற்றல்

தாம் கல்லாத பாடத்தை மாணவர்க்குக் கற்பிக்குமாறு பணிக்கப்பட்ட ஆசிரியரின் மனக்கலக்கத்தை அத்தொழிலில் உள்ளோரே நன்கறிவர். 2011ஆம் ஆண்டில் நியூசிலாந்து ஆசிரியர் பலருக்கு அந்நிலை வாய்த்தது.

அவ்வாண்டிலே அந்நாட்டுப் பாடசாலைகளின் மேல்வகுப்புகளிற் கணினி விஞ்ஞானம் மதிப்பீட்டுக்குரிய பாடப்பகுதியாகப் புகுந்தது. அதுகாறும் கணினியைப் பயன்படுத்தும் முறையை மட்டுமே போதித்தவர் பலர். கான்ரபரிப் பல்கலைக்கழக அறிஞர் ரிம் பெல் முதலானோர் அவர்களுக்குப் பயிற்சி அளிக்க முன்வந்தனர். கணினி இல்லாமலே கணினி விஞ்ஞானத்தைப் போதிக்கும் முறையொன்றை அவரும் நண்பரும் 1990களிலேயே வகுத்திருந்தனர்.

அதில் ஒரு பயிற்சியைப் பாருங்கள். ஐந்து அட்டைகள், அவற்றில் முறையே 1, 2, 4, 8, 16 புள்ளிகள். சிலவற்றைத் திறந்தும் ஏனையவற்றை மூடியும் வைத்தால் 0 முதல் 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம். 19 வேண்டுமோ? 16, 2, 1 ஆகிய மூன்றையும் திறந்தாற் போதும். இரண்டே நிலைகளைக் கொண்டு கணினி எண்களைக் குறிக்கும் விதம் இதனால் விளங்கிவிடும்.

1, 2, 4 என்பவற்றின் பின் 6 வருமென ஊகித்துத் தாமே பிழைவிட்ட ஆசிரியர், மாணவன் அங்கு பிழைவிடும்போது சினந்துகொள்ளார். பாடத்தை அறிதல் ஒன்று. மாணவன் இடறும் இடத்தை அறிதல் மற்றொன்று. பயிற்சி இரண்டையும் தரல் வேண்டும்.

புதுப்பாடத்துக்கென யந்திரங்கள் வாங்கப் பணம் ஒதுக்குவோர், ஆசிரியர் கற்பதற்குக் காலமும் ஒதுக்குவாராக. மாணவர்களே, "எனக்கும் இது புதிது, சேர்ந்து கற்போம்" என்று சொல்ல நாணாத ஆசிரியர் வாய்த்தால், அவரை எளியவராக எண்ணிவிடாதீர்கள். பாடத்தோடு கற்கும் விதத்தையும் அவரிடமே கற்பீர்கள்.